இன்சுலின் போடும் பூனை: காலையில் 436, இன்னும் ஏற்றலாமா?

கேள்வி, 6 அக்டோபர் 2024

ஆண் பூனை, கருத்தடை செய்தது, 9 வயது, 6 கிலோ. போன மாதம் சர்க்கரை என்று உறுதியானது. லேன்டஸ் இன்சுலின், காலை 1 யூனிட், மாலை 1 யூனிட் என்று ஆரம்பித்தோம். காலையில் ஊசிக்கு முன் பார்த்தால் 380, 395, 410. இறங்கவே இல்லை என்று ரெண்டு நாளைக்கு ஒருமுறை அரை அரை யூனிட்டாக நானே ஏற்றி இப்போது 3 யூனிட்டில் நிற்கிறேன். இன்று காலை 436. ஒரு நண்பர் இது சோமோஜி, அதாவது மருந்து அதிகமாகி சர்க்கரை தாழ்ந்து எதிர்வினையாக ஏறுவது, ஊசி அளவைக் குறை என்கிறார். இன்னொருவர் மருந்தே கெட்டுப்போயிருக்கும் என்கிறார். இன்னும் ஏற்றலாமா? மனிதர்களுக்கான மீட்டர்தான் வீட்டில் இருக்கிறது. ஊர் கோயம்புத்தூர்.

பதில், 6 அக்டோபர், இரவு

ஏற்றாதீர்கள். மற்றதைச் சாவகாசமாகப் பேசலாம்.

ஊசி போட்ட பிறகு எவ்வளவு இருக்கிறது என்று ஒரு எண்கூட உங்கள் பதிவில் இல்லை. காலை ஊசிக்கு முன் வருவது முந்தின இரவு போட்ட மருந்து தீர்ந்துபோன நேரத்து எண். நேற்றுக் காலை 410, இன்று காலை 436. நடுவில் பூனை 60 வரை இறங்கிவிட்டு மேலே வந்திருக்கலாம், 300க்குக் கீழே வராமலே இருந்திருக்கலாம். முதல் வகை என்றால் இன்னும் அரை யூனிட் அதைக் கொன்றுவிடும். எந்த வகை என்று தெரியாமல் ஊசியைத் தொடக் கூடாது.

இன்று மாலை 3 யூனிட் போட்டாயிற்றென்றால் நடு ராத்திரி எழுந்து ஒருமுறை பாருங்கள். 60க்குக் கீழே இருந்தாலோ தள்ளாடினாலோ தேனை விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். வாயில் ஊற்றாதீர்கள், புரை ஏறும். தெளிந்ததும் சாப்பாடு கொடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். காலையில் எப்படியும் கூப்பிடத்தான் வேண்டும்.

7 அக்டோபர்

ராத்திரி 1 மணிக்கு 88 என்று போட்டிருக்கிறீர்கள். மனித மீட்டரில் 88, ஊசி போட்டு ஆறு மணி நேரத்தில், அதுவும் இறங்குமுகத்தில். "இறங்கவே இல்லை" என்றீர்களே தம்பி!

லேன்டஸ் என்பது கிளார்ஜின். குப்பிக்குள் அது அமிலத்தன்மையோடு தெளிந்த நீராக இருக்கிறது. தோலுக்கடியில் போனதும் நுண்துகள்களாக உறைந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ரத்தத்தில் சேர்கிறது. அதனால்தான் அதை வேறு மருந்தோடு கலக்கக் கூடாது, தண்ணீர் விட்டு நீர்க்கவும் கூடாது. முந்தின ஊசியின் மிச்சம் அடுத்த ஊசி போடும்போதும் கொஞ்சம் இருக்கும். ஒரு அளவை மாற்றினால் அது நிலைக்கு வரச் சில நாள் ஆகும். மாற்றிவிட்டு ஐந்து முதல் ஏழு நாள் பேசாமல் இருங்கள் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான். நீங்கள் ரெண்டு நாளைக்கு ஒருமுறை ஏற்றியது, தண்ணீர் சூடாகவில்லை என்று கீசரைத் திருகிக்கொண்டே போவது மாதிரி. சூடு வரும்போது சேர்ந்து வரும்.

7 அக்டோபர், கொஞ்சம் கழித்து

கேட்க மறந்தது: சிரிஞ்சின் மூடி என்ன நிறம்?

8 அக்டோபர்

ஆரஞ்சு. அப்பாடா. இதைத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் நேற்று ராத்திரி தனிச் செய்தியில் தன் சிரிஞ்ச் சிவப்பு என்கிறார்.

நம் நாட்டில் மனிதர்கள் போட்டுக்கொள்ளும் குப்பி இன்சுலினில் பெரும்பகுதி யூ-40. அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்கு சிவப்பு மூடி சிரிஞ்ச். கிளார்ஜின் யூ-100. அதற்கு ஆரஞ்சு மூடி. மெடிக்கலில் "இன்சுலின் ஊசி கொடுங்க" என்று மட்டும் கேட்டால் கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுப்பார்கள், சிவப்புதான் அதிகம் கிடைக்கும். சிவப்பு சிரிஞ்சில் கிளார்ஜினை 1 கோடு இழுத்தால் உள்ளே போவது 1 யூனிட் அல்ல, 2.5 யூனிட். 2 கோடு என்றால் 5. நாலு கிலோ பூனைக்கு இது சாதாரண விஷயமில்லை. திண்டுக்கல்காரர் அன்றே டாக்டரிடம் ஓடிவிட்டார், பூனை நலம்.

முடிந்தால் 0.3 மில்லி சிரிஞ்ச், அரை யூனிட்டுக்கும் கோடு போட்டது, தேடி வாங்குங்கள். எல்லாக் கடையிலும் இருக்காது, சொல்லி வைத்தால் வரவழைப்பார்கள். பூனை விஷயத்தில் கால் யூனிட்டுக்கும் மதிப்பு உண்டு. ஒரு மில்லி சிரிஞ்சில் அரை யூனிட்டைக் கண்ணால் குத்துமதிப்பாக இழுத்தால் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். பிறகு சர்க்கரை ஏன் ஆடுகிறது என்று இங்கே வந்து கேட்பீர்கள்.

13 அக்டோபர்

ரத்தம் எடுப்பது பற்றி மூன்று பேர் கேட்டாயிற்று.

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் தாசில்தார். காரணம் கேட்காதீர்கள், ஒருநாள் வந்து பாருங்கள், எவரையும் நிற்க வைத்துத்தான் பேசும். 2022இலிருந்து இன்சுலின். முதல் வாரம் அவர் காதில் நான் குத்தியதைவிட என் விரலில் குத்திக்கொண்டதுதான் அதிகம். அப்புறம் கை பழகிவிட்டது.

காதின் வெளி விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரமாக மெல்லிய கோடாக ஒரு ரத்தக்குழாய் ஓடும். அதற்கும் விளிம்புக்கும் நடுவில் இருக்கிற இடத்தில் குத்த வேண்டும், குழாயையே குத்த வேண்டாம். குத்துவதற்கு முன் காதைச் சூடாக்குவது பாதி வேலை. ஒரு பழைய சாக்ஸில் பச்சரிசி போட்டுக் கட்டி, தோசைக்கல்லில் லேசாகச் சூடு காட்டி, நம் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் காதில் ஒத்துங்கள். காதுக்குப் பின்னால் பஞ்சை மடித்து வையுங்கள், ஊசி மறுபக்கம் வந்து உங்களைக் குத்தாது. விளிம்பில் வாசலின் சொட்டுத் தடவினால் ரத்தம் முடியில் பரவாமல் முத்தாக நிற்கும். மீட்டருக்கு வேண்டியது கடுகளவுகூட இல்லை. எடுத்ததும் பஞ்சால் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், இல்லாவிட்டால் காது கன்றிப்போகும். உடனே ஒரு துண்டு வேகவைத்த கோழி. இப்போதெல்லாம் மீட்டர் பை ஜிப் சத்தம் கேட்டாலே தாசில்தார் தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறார், கோழிக்காகத்தான், என் மேல் பாசம் என்று நான் நினைக்கவில்லை.

மீட்டர் முதலில் என் மாமியாருடையது. "எனக்கே மாசத்துக்கு ஒருதரம்தான் பாக்கறே, இதுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு தரமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இப்போது ஆளுக்கு ஒன்று.

20 அக்டோபர்

டாக்டர் 2 யூனிட்டுக்கு இறக்கி, பத்து நாளுக்கு மேல் அதிலேயே நின்று, நேற்று முழு நாளும் ரெண்டு மணிக்கு ஒருமுறை பார்த்து எழுதியிருக்கிறீர்கள். இதைத்தான் கர்வ் என்கிறார்கள். எண்களை இங்கே திரும்ப எழுதுகிறேன், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

காலை 7 மணி, ஊசிக்கு முன் 402. 9 மணி 371. 11 மணி 246. மதியம் 1 மணி 118. 3 மணி 71. 5 மணி 164. இரவு 7 மணி, அடுத்த ஊசிக்கு முன் 388.

முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் மட்டும் பாருங்கள். 402, 388. இந்த ரெண்டை வைத்துக்கொண்டு யாரும் "போதவில்லை" என்றுதான் சொல்வார்கள். நடுவில் 71 கிடக்கிறது. அளவைத் தீர்மானிப்பது அடியில் இருக்கிற எண், மேலே இருக்கிறது அல்ல. அடி 80க்கும் 150க்கும் நடுவில் நின்றால் பெரும்பாலான டாக்டர்கள் திருப்தியடைவார்கள். உங்களுக்கு இப்போதே 71, அதனால் ஏற்ற இடமே இல்லை. டாக்டர் 1.5 என்று சொல்லியிருப்பது சரியாகத்தான் படுகிறது.

ரெண்டாவது விஷயம், 6ஆம் தேதி நான் நடு ராத்திரி பார்க்கச் சொன்னது ஆறாவது மணி நேரத்தை மனத்தில் வைத்து. உங்கள் பூனைக்கு அடி எட்டாவது மணி நேரத்தில் வருகிறது. தாசில்தாருக்கு ஒன்பதில். ஆக, "ஊசி போட்டு ஆறு மணி கழித்து ஒரு எண்" என்று நான் இங்கே பலருக்குச் சொல்லி வருவதைப் பொது விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடி எப்போது வருகிறது என்று முதலில் ஒரு முழு நாள் பார்த்துக் கண்டுபிடியுங்கள். அப்புறம் தினமும் ஊசிக்கு முன் ஒன்று, அடி வரும் நேரத்தை ஒட்டி ஒன்று, போதும்.

மூன்றாவது, 402இலிருந்து 71, மறுபடி 388. இவ்வளவு செங்குத்தாக இறங்கி ஏறுவது ஏன் என்பதற்குக் கிண்ணத்தில் என்ன போடுகிறீர்கள் என்று தெரிய வேண்டும். எழுதுங்கள்.

21 அக்டோபர்

மனித மீட்டர் பூனைக்குக் குறைத்துக் காட்டுமா என்று கேட்டவருக்கு: ஆம், பொதுவாகக் குறைத்துக் காட்டும். மனித ரத்தத்தில் சர்க்கரையில் சுமார் 58 சதவீதம் நீர்ப்பகுதியில், மீதி சிவப்பணுக்களில் இருக்கிறது. பூனைக்கு நீர்ப்பகுதியில் சுமார் 93, அணுக்களில் 7. மனிதப் பங்கீட்டை வைத்துக் கணக்குப் போடும் கருவி பூனை ரத்தத்தைக் குறைவாகப் படிக்கிறது. விலங்குகளுக்கென்றே செய்த மீட்டர் இருக்கிறது, ஆல்ஃபாட்ராக் மாதிரி. ஸ்ட்ரிப் கிடைப்பதும் விலையும்தான் தொல்லை.

எதை வாங்கினாலும் ஒன்றிலேயே நில்லுங்கள். காலையில் அது, மாலையில் இது என்று மாற்றினால் எழுதி வைத்தது எல்லாம் குப்பை. இத்தனையால் பெருக்கினால் சரியாகிவிடும் என்று ஒருவர் சூத்திரம் போட்டிருக்கிறார். வேண்டாம். மேலே போகப் போக வித்தியாசம் ஒரே மாதிரி இருப்பதில்லை. டாக்டரிடம் எண் சொல்லும்போது எந்த மீட்டர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

24 அக்டோபர்

சோமோஜி.

மைக்கேல் சோமோஜி ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் வேலை செய்த உயிர்வேதியியலாளர். 1930களில் மனித நோயாளிகளை வைத்து அவர் சொன்னது: இன்சுலின் அதிகமாகி சர்க்கரை மிகவும் தாழ்ந்தால் உடம்பு பதறி எதிர் ஹார்மோன்களை விட்டு, சர்க்கரையை வானத்துக்கு ஏற்றிவிடும். அழகான கருத்து. அதனால்தான் எல்லோருக்கும் பிடிக்கிறது, எந்த உயர்ந்த எண்ணுக்கும் இதை ஒட்டிவிடலாம். ஆனால் கிளார்ஜின் போடும் பூனைகளின் வீட்டுக் குறிப்புகளை ஆயிரக்கணக்கில் அலசியபோது, அப்படித் தெளிவாகத் தாழ்ந்து பிறகு நெடுநேரம் உயர்ந்து நின்ற சம்பவங்கள் அரிதாகத்தான் கிடைத்தன. பெரும்பாலும் நடப்பது மருந்து பன்னிரண்டு மணி நேரம் தாங்காமல் தீர்ந்துபோவது. பூனையின் உடம்பு இன்சுலினை வேகமாகச் செலவழிக்கிறது. உங்கள் 71க்குப் பிறகு வந்த 388ஐயும் நான் அப்படித்தான் படிக்கிறேன்.

25 அக்டோபர்

நேற்று எழுதியதைப் படித்து "அப்போ தாழ்ந்தால் ஏறாதா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஏறும். அட்ரினலினும் குளுக்ககானும் கல்லீரலிலிருந்து சர்க்கரையை அவிழ்த்துவிடும், அது உண்மை, அதனால்தான் பல பூனைகள் பிழைத்துக்கொள்கின்றன. நாள் கணக்கில் 400இல் நிற்பதற்கு அதைக் காரணம் காட்டுவதைத்தான் நான் ஏற்கவில்லை. எப்படிப் பார்த்தாலும் நடைமுறையில் பதில் ஒன்றே: அடி எண் தெரியாமல் ஏற்றாதே.

1 நவம்பர்

நேற்று தீபாவளி. எதிர்வீட்டில் பத்தாயிரம் வாலா. தாசில்தார் பீரோவுக்கு மேலே. எப்போதும் 150ஐ ஒட்டி இருக்கிற நேரத்தில் 318.

இதற்கெல்லாம் அளவை மாற்றக் கூடாது. பயந்தால் பூனைக்குச் சர்க்கரை ஏறும். நோயே இல்லாத பூனைக்கும் கூடையில் போட்டு ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரி மேஜையில் வைத்தால் 300 தாண்டுவது உண்டு. அதனால்தான் ஒரே ஒரு ஆஸ்பத்திரி எண்ணை வைத்து நோயை உறுதி செய்வதில்லை. சந்தேகமாக இருந்தால் ஃப்ரக்டோசமின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்வார்கள். அது கடந்த ஒன்றிரண்டு வாரச் சராசரியைக் காட்டும், அன்றைய பயத்துக்கு அசையாது. ஆனால் சராசரி சராசரிதான். 400க்கும் 70க்கும் நடுவில் ஊஞ்சலாடும் பூனைக்கும் அது ஒரு நடுத்தர எண்ணைக் கொடுத்துவிட்டுப் போய்விடும்.

2 நவம்பர்

இன்னும் பீரோ மேல்தான்.

10 நவம்பர்

கிண்ணத்தில் போடுவதை எழுதியிருக்கிறீர்கள்: காலையில் உலர் தீனி, மதியம் தயிர்சாதம், இரவு சாதத்தில் பிசைந்த மத்தி, இடையில் பால். நல்ல கவனிப்புதான், தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் பூனையின் கல்லீரல் புரதத்தில் ஓடும்படி அமைந்தது, மாவுச்சத்தைக் கையாளும் திறன் குறைவு. உலர் தீனியில் பலவற்றில் 30 சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்து. சாதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒரு நாளில் எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். இது முக்கியம், அதனால் நீட்டிச் சொல்கிறேன். மாவுச்சத்தைக் குறைத்தால் இன்சுலின் தேவை சட்டென்று விழும். பழைய அளவிலேயே ஊசி போய்க்கொண்டிருந்தால் லோ சுகர் வரும். டாக்டரிடம் சொல்லிவிட்டு, பத்துப் பதினைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். அந்த நாட்களில் அடி எண்ணைத் தினமும் பாருங்கள். டின் உணவில் குழம்பு மாதிரி இருப்பதைவிட விழுது மாதிரி இருப்பது மேல், குழம்பில் மாவு சேர்த்திருப்பார்கள். வெறும் வேகவைத்த கோழியும் மீனும் மட்டும் போட்டுக் காலம் தள்ள முடியாது, டாரின் என்ற சத்து, கால்சியம் எல்லாம் குறைந்துவிடும். கருவாடு வேண்டாம், உப்பு.

எங்கள் வீட்டில் ஒரு மர்மம் இருந்தது. மற்ற நாளெல்லாம் காலை பத்து மணிக்கு ஒழுங்காக இறங்கிக்கொண்டிருக்கும் எண், வெள்ளிக்கிழமை மட்டும் 280, 290. மருந்தா, சிரிஞ்சா, என் கையா என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். வங்கியில் கொடுத்த டைரியில் கிழமை வாரியாக எழுதியதால்தான் பிடிபட்டது. மாமியார் வெள்ளிக்கிழமை பூஜை முடித்து நைவேத்தியப் பாலில் ஒரு டம்ளரைத் தாசில்தாருக்கு ஊற்றியிருக்கிறார். "சர்க்கரை போடலையே" என்றார். பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது, அதற்கான ஏற்பி மரபணு அதனிடம் வேலை செய்வதில்லை. பாலில் இயற்கையாகவே இருக்கும் சர்க்கரை போதும். இப்போது வெள்ளிக்கிழமை நைவேத்தியம் ஒரு துண்டு மீன். பூஜையறைக்கு வெளியே வைத்துத்தான்.

டைரியில் நேரம், எண், யூனிட், சாப்பாடு, குடித்த தண்ணீர் எல்லாம் எழுதுங்கள். எண்ணை மட்டும் எழுதினால் இந்த மாதிரிக் கதைகள் வெளியே வராது.

11 நவம்பர்

பின்னங்கால் குதிகாலை ஊன்றித் தவழ்ந்த மாதிரி நடக்கிறது என்று கேட்டவருக்கு: நரம்பு பாதிப்பு. சர்க்கரை நீண்ட நாள் உயர்ந்து இருந்ததால் வருவது. கட்டுக்குள் வந்தால் பல பூனைகளுக்குச் சில மாதங்களில் தேறிவிடும். தாசில்தாருக்குத் தேறியது. இப்போது ஃபிரிட்ஜ் மேல் ஏறுகிறார்.

3 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் போன பிறகு இன்றுதான் கரண்ட் ஒழுங்காக இருக்கிறது. புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்கள் நவம்பர் 30 ராத்திரி மழையை டிவியில் பார்த்திருப்பீர்கள்.

ஃபிரிட்ஜ் ஓடாதபோது இன்சுலினை என்ன செய்வது என்று நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றும் செய்யாதீர்கள். திறந்த கிளார்ஜின் குப்பி 30 டிகிரிக்குக் கீழே வெளியிலேயே 28 நாள் இருக்கலாம் என்று அதன் தாளிலேயே போட்டிருக்கிறது. மழை நாளில் நம் வீட்டுக்குள் அவ்வளவு சூடு இல்லை. அவசரப்பட்டு ஐஸ் பெட்டியில் ஐஸோடு ஒட்டி வைத்தவர் ஒருவர், அது உறைந்துபோயிருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். உறைந்து உருகிய இன்சுலினை நம்ப முடியாது, பார்க்கத் தெளிவாக இருந்தாலும். அக்னி நட்சத்திரத்தில் கரண்ட் போனால்தான் உண்மையான கவலை, அதற்கு மண்பானைக்குள் ஒரு டப்பாவில் வைக்கலாம்.

இன்சுலினை விட ஸ்ட்ரிப் டப்பாவைக் கவனியுங்கள். இந்த ஈரத்தில் மூடி சரியாக மூடாமல் கிடந்தால் எண் கண்டபடி வரும்.

14 டிசம்பர்

கோவைத் தம்பி பூனைக்குச் சர்க்கரையைத் தொடர்ந்து படிக்கும் சென்சார் ஒட்டிவிட்டார். ஃப்ரீஸ்டைல் லிப்ரே, மனிதர்கள் கையில் ஒட்டிக்கொள்வது. பூனைக்கு முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவிலோ விலாப் பக்கமோ முடியை மழித்து ஒட்டுகிறார்கள். பதினான்கு நாள் ஓட வேண்டியது. பூனை மேல் அவ்வளவு நாள் நிற்பது அதிர்ஷ்டம். விலையும் கொஞ்சம் எரியும். ஆனால் காதில் குத்தாமல் ராத்திரி முழுக்கக் கிடைக்கும் எண்களுக்கு ஈடு இல்லை.

வந்த எண்களைப் பார்த்து எனக்கே பழைய எண்ணம் ஒன்று ஆட்டம் கண்டது. ஒரே அளவு, ஒரே சாப்பாடு, அடுத்தடுத்த நாட்கள். ஒரு நாள் அடி 94, மறுநாள் 151, அதற்கு மறுநாள் 112. நேரமும் ரெண்டு மணி முன்னே பின்னே. பகலைவிட ராத்திரி ஆழமாக இறங்குகிறது. ஆக அக்டோபர் 19 கர்வை வைத்து நாம் இவ்வளவு பேசினோமே, அது ஒரு நாளின் படம்தான். ஒரு கர்வைப் பார்த்து ஏற்றுவதற்கு நான் இப்போது இன்னும் தயங்குகிறேன். இறக்குவதற்குத் தயங்க மாட்டேன், அதற்கு ஒரு தாழ்ந்த எண் போதும்.

சென்சார் படிப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் இருக்கும் நீரை. வேகமாக இறங்கும்போது சில நிமிடம் பின்தங்கும். பூனை அதன் மேலேயே படுத்துத் தூங்கினால் அந்த இடம் அழுந்திப் பொய்யாகத் தாழ்வு காட்டும். தாழ்ந்த எண் வந்தால் பூனையை எழுப்பி, காதில் ஒருமுறை குத்திப் பார்த்து உறுதி செய்யுங்கள். தள்ளாடினால் உறுதி செய்துகொண்டிருக்காதீர்கள், தேன் முதலில்.

17 டிசம்பர்

சென்சார் கழன்று சோஃபாவுக்கு அடியில் கிடந்ததாம். சோஃபாவின் சர்க்கரை ராத்திரி 2 மணி வரை நார்மல்.

5 ஜனவரி 2025

மாத்திரை பற்றி. அமெரிக்காவில் பூனைகளுக்கென்றே ரெண்டு வாய்வழி மருந்துகள் அனுமதி பெற்றிருக்கின்றன. பெக்சாகேட் மாத்திரை 2022 டிசம்பரில், சென்வெல்கோ என்ற திரவம் 2023 ஆகஸ்டில். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றி வேலை செய்பவை. ஊசி வேண்டாம் என்றதும் எல்லோருக்கும் ஆசை வருகிறது. ஆனால் ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும் பூனைக்கு பெக்சாகேட் கொடுக்கக் கூடாது என்று அதன் எச்சரிக்கையிலேயே இருக்கிறது. உடம்பில் இன்சுலின் போதாமல் இருக்கும்போது இந்த வகை மருந்து கொடுத்தால் மீட்டரில் எண் நன்றாக இருக்க, உள்ளே கீட்டோன் என்ற அமிலப்பொருள் ஏறி உயிருக்கு ஆபத்தாகும். மீட்டர் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். சாப்பிடாமல், வாந்தி எடுத்து, சுருண்டு கிடக்கும் பூனைக்கு எண் எதுவானாலும் கீட்டோன் ஸ்ட்ரிப்பில் சிறுநீரைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வீட்டில் தாத்தா போடும் சுகர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டவருக்கு: கூடாது.

12 ஜனவரி

வேளைக்கு 9 யூனிட் போட்டும் அடி 300க்குக் கீழே வரவில்லை என்கிறவர், நீங்கள் வேறு திசையில் தேட வேண்டும். முதலில் பல், ஈறு, சிறுநீர்த் தொற்று. ஏதாவது ஸ்டீராய்டு போகிறதா என்று பாருங்கள். அதெல்லாம் இல்லை, முகம் அகன்று, தலை பெரிதாகி, சர்க்கரை நோயிலும் எடை கூடுகிறது என்றால் அக்ரோமெகலி. பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வளர்ச்சி ஹார்மோன் கொட்டுவது. அரிது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். பிரிட்டனில் 2015இல் வெளிவந்த ஆய்வில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சர்க்கரை நோய்ப் பூனைகளைப் பார்த்தபோது சுமார் நாலில் ஒன்றுக்கு இது இருக்கலாம் என்று வந்தது. ஐ.ஜி.எஃப்-1 என்ற ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள்.

19 ஜனவரி

எந்த எண்ணைத்தான் இலக்காக வைப்பது என்று மறுபடி ஒரு சண்டை ஓடுகிறது. நாள் முழுக்க 100இல் நிறுத்த வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம், 300க்குள் இருந்தால் போதும் என்பவர்கள் இன்னொரு பக்கம். பூனையின் சிறுநீரகம் ஏறத்தாழ 250, 300 வரை சர்க்கரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மனிதருக்கு அது 180. அதைத் தாண்டினால்தான் சிறுநீரில் கொட்டும், தாகம், இளைப்பு எல்லாம். நாளின் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் பூனை பூனையாக இருக்கும். புதிதாக நோய் வந்த பூனைக்கு இறுக்கிப் பிடிப்பதில் லாபம் உண்டு, ஊசியே தேவைப்படாத நிலைக்குச் சில பூனைகள் வந்துவிடும். ஆனால் அதற்கு வீட்டில் ஆள் இருக்க வேண்டும். காலை 8 மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய் இரவு வருகிறவர் 100ஐத் துரத்த வேண்டாம்.

தாசில்தாருக்கு அந்த வாய்ப்பு போய்விட்டது. ஈறுப் புண்ணுக்கு நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசியை ஒரு இடத்தில் அடுத்தடுத்துப் போட்டார்கள், சர்க்கரை வந்தது அதற்குப் பிறகு. 1.5 யூனிட்டில் ஓடுகிறது. கொடுத்துவைத்தது அவ்வளவுதான்.

9 பிப்ரவரி

கோவையிலிருந்து வந்திருக்கும் எண்களைப் பார்த்தேன். சாதம் நின்று, எடை 5.2 ஆகி, 1 யூனிட்டில் ஊசிக்கு முன் 160, 148. இன்று மாலை 112. போடவா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடாமல் வைத்திருங்கள். சாப்பாடு கொடுக்காமல் இருபது முப்பது நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறுகிறதா இறங்குகிறதா என்று. டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஊசிக்கு முன் இவ்வளவு தாழ்ந்திருந்தால் ஒரு வேளை ஊசி தவறுவதில் பெரிய நஷ்டமில்லை, போட்டுவிட்டு ராத்திரி முழுக்கத் தேன் பாட்டிலோடு உட்காருவதுதான் நஷ்டம்.

10 பிப்ரவரி

அரை யூனிட் என்று டாக்டர் சொன்னது நல்லது. அதிலும் இப்படியே இறங்கினால் கால், பிறகு ஒரு வேளை மட்டும், பிறகு நிறுத்தம் என்று அவரே படிப்படியாகக் கொண்டு போவார். நீங்களாக வேண்டாம்.

2 மார்ச்

ஊசியே இல்லாமல் ரெண்டு வாரம், எண் 80க்கும் 120க்கும் நடுவில். சந்தோஷம். மீட்டரை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். இப்போதைக்கு வாரம் ஒருமுறை காதில் பாருங்கள், எடையும் பாருங்கள். ஒரு மாதம் நின்ற பிறகு இடைவெளியை நீட்டலாம். நோய் திரும்புவது சகஜம், முதலில் தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாகும். பழைய உலர் தீனிக்குப் போகவே கூடாது. பூனையின் சிகிச்சை அட்டையில் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் "சர்க்கரை நோய் இருந்தது, ஸ்டீராய்டு போடுமுன் கேட்கவும்" என்று எழுதி வையுங்கள். அவசரத்தில் வேறு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போவது உங்கள் தம்பியாகவும் இருக்கலாம்.

மிச்சமிருக்கும் ஆரஞ்சு சிரிஞ்சுகளைத் திண்டுக்கல்லுக்கு அனுப்ப முடியுமா? அங்கே இன்னும் கிடைக்கவில்லையாம்.